கம்பெனியாரும் பத்திரிகையும் மலைநாட்டுத் தமிழரும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தனி மனிதனை நினைந்து முன்னோர் கூறிய இம்மொழி, இக்காலத்தில் பெரிய கம்பெனிகளுக்கும் பொருந்துவதாயிற்று. பண்டத்தை விளைவிப்பது ஒரு தொழில். அதனை விற்பது மற்றொரு தொழில். தன்னைப் பற்றி உலகம் நல்லதே பேசும்படி செய்து கொள்வது மூன்றாவது தொழில். இந்த மூன்றாவது தொழிலுக்கு 'மக்கள் தொடர்பு' என்று பெயர். பத்திரிகை நிருபர்களைக் கூட்டி வைத்துப் பேசுவதும், அறிக்கை எழுதி அனுப்புவதும், பழி வந்தவிடத்து மறுப்புரைப்பதும் இத்தொழிலின் பகுதிகள். இதற்கென்று தனி அலுவலரும், தனி ஒதுக்கீடும் பெரிய கம்பெனிகளில் உண்டு.

ஏலக்காட்டிலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்து வாழும் உடும்பஞ்சோலைத் தமிழருக்கு இதனால் ஆவதென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். ஆவது மிக உண்டு. நம் பாட்டனார் மலையேறிய நாள் முதலாக நம்மைப் பற்றி உலகுக்கு உரைத்தவர்கள் பெரும்பாலும் பிறரே. துரைமார் உரைத்தனர், கங்காணிகள் உரைத்தனர், தலைவர்கள் உரைத்தனர். நம் வாயால் நாம் உரைத்த காலங்கள் சிலவே. அச்சில காலங்களில் என்ன நிகழ்ந்தது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில் பிறந்த கதை

மக்கள் தொடர்பு என்னும் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க நாட்டு ஐவி லீ என்பவர். பத்திரிகை நிருபராக இருந்து இத்தொழிலுக்கு வந்தவர். 1906ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்கத் தகராறு ஒன்றில் முதலாளிகள் பக்கம் நின்று பணியாற்றியபோது, அவர் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார். தம் வேலை ஒளிவுமறைவின்றி நடக்கும் என்றும், தாம் தரும் செய்தி திருத்தமாக இருக்கும் என்றும் அதில் உறுதி கூறினார்.

எட்டு ஆண்டுகள் சென்றன. கொலராடோ மாநிலத்தில் ராக்பெல்லர் குடும்பத்துக்கு உரிமையான சுரங்கக் கம்பெனியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் குடியிருந்த வீடுகள் கம்பெனியின் வீடுகள். வேலையை விட்டவுடன் வீட்டையும் விட வேண்டியதாயிற்று. லயத்தில் வாழ்ந்தோருக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும். லட்லோ என்னுமிடத்தில் கூடாரம் அடித்துக் குளிர்காலம் முழுவதும் வெளியில் கிடந்தனர். 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மாநிலக் காவற்படையினர் அக்கூடாரங்களைச் சுட்டனர், கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சுத் திணறி மாண்டனர்.

நாடே கொதித்தது. ராக்பெல்லர் குடும்பத்தார் ஐவி லீயை அழைத்தனர். அவர் துண்டுப் பிரசுரங்களை வரிசையாக அச்சிட்டு, நாடெங்கும் உள்ள பெரியவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் அனுப்பினார். தொழிற்சங்கத் தலைவர்கள் பெற்ற சம்பளம் அவற்றில் பன்மடங்கு கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. பின்னர் அரசாங்க விசாரணைக் குழுவின் முன் அவர் நிறுத்தப்பட்டபோது, கம்பெனியார் கொடுத்த செய்தியைத் தாம் சரிபார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். திருத்தமான செய்தி தருவேன் என்ற 1906ஆம் ஆண்டின் உறுதிமொழி அன்றோடு போயிற்று.

இக்கதையில் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தொழில் வளர்ந்தது சோப்பு விற்பதற்காக மட்டுமன்று. தொழிலாளியின் குரலுக்கு மறுகுரல் கொடுப்பதற்காகவும் வளர்ந்தது.

மலைக்கு வந்த விளம்பரம்

இனி நம் மலைக்கு வருவோம். 1877ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப் பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளையர் பெற்றார். 1897ஆம் ஆண்டு கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி அமைந்தது. காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. அவ்வாட்களைக் கொணர்ந்தவன் கங்காணி.

அந்நாளில் கம்பெனிக்கு விளம்பர அலுவலகம் தேவையில்லை. கங்காணியின் வாயே விளம்பரம். பஞ்சத்தில் வாடிய ஊருக்கு அவன் சரிகை வேட்டியும் மோதிரமுமாக வந்து நிற்பான். மலையில் பொன் விளைகிறது என்பான். இலங்கைக்கு ஆள் சேர்த்தவர்கள், தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கூறி அழைத்துச் சென்றதாக அங்குள்ள நம்மவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்தபின் கிடைத்தவை அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் தீராத பற்றும்.

கங்காணியின் விளம்பரம் உழைப்பவரை நோக்கியது. குடிப்பவரை நோக்கிய விளம்பரமோ சட்டத்தின் துணையோடு வந்தது. 1903ஆம் ஆண்டின் சட்டப்படி ஏற்றுமதியாகும் தேயிலைக்குத் தீர்வை விதித்து, அப்பணத்தைத் தேயிலையின் பிரசாரத்துக்குச் செலவிட்டனர். 1930களில் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தபோது இந்தியரையே தேநீர் குடிக்கப் பழக்குவது என்று முனைந்தனர். 1937ஆம் ஆண்டில் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்கக் கழகம் என்ற பெயரோடு அவ்வேலை விரிந்தது. ஊர் ஊராக வண்டிகள் சென்றன. தேநீரைப் போட்டுக் காட்டி இலவசமாகக் கொடுத்தனர். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் விளம்பரங்கள் வெளிவந்தன. அவ்வகைப் படங்களில் கூடை சுமந்த பெண் புன்னகை செய்து நிற்பாள். அவள் வாங்கும் கூலி எவ்வளவு என்று படத்தில் எழுதுவாரில்லை.

எழுத முயன்றவர்கள் இல்லாமற் போகவில்லை. தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்குச் சென்ற கோ. நடேசய்யர் பத்திரிகையாளர். தோட்டத் தொழிலாளர் நிலையை நேரில் காண விரும்பினார். வெளியார் தோட்டத்துக்குள் எளிதில் நுழைய முடியாத காலம் அது. அவர் புடைவை வியாபாரியைப் போல மூட்டை சுமந்து லயங்களுக்குள் சென்றார். கண்டதை எழுதினார். 1921ஆம் ஆண்டு முதல் 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளின் வாயிலாகத் தோட்டத்தின் கதை ஊருக்குத் தெரிந்தது. 1931ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் எழுத்தறியாத மக்களுக்காகப் பாடல்கள் இயற்றிப் பாடியே செய்தி பரப்பினார்.

நம் பக்கத்து ஆனைமலையிலோ எழுத்து இன்னும் தாமதித்தே வந்தது. அங்குள்ள தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல், பழந்தொழிலாளரின் நினைவுகளைத் திரட்டி 1969ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் 'ரெட் டீ' என்ற நாவலை வெளியிட்டார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் வந்தபோது அவ்வனுபவங்களின் உரிமையாளருள் பலர் உயிரோடு இல்லை. காலத்தில் உரைக்கப்படாத செய்தி கதையாகிப் பயன் தருமேயன்றி, நியாயமாகிப் பயன் தருதல் அரிது.

பிளாச்சிமடையில் நடந்தது

பழைய கதை இதுவாக, நம் காலத்தில் எல்லைப்புறத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பெருமாட்டிப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது பிளாச்சிமடை. தமிழ்நாட்டு எல்லைக்கு அண்மையது. தமிழ் கலந்த பேச்சினரான இரவாளர், மலசர் என்னும் பழங்குடியினர் வாழுமிடம். 2000ஆம் ஆண்டில் கோக்கோகோலா கம்பெனியின் தொழிற்சாலை அங்கே வேலை தொடங்கியது. ஆழ்துளைக் கிணறுகளால் நீர் இறைத்தனர். ஓராண்டு இரண்டாண்டுக்குள் சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் குறைந்தது. இருந்த நீரும் சுவை மாறிற்று. அந்நீரில் சோறு வேகவில்லை என்றும், குளித்தால் உடல் அரித்தது என்றும் பெண்கள் கூறினர்.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் தொழிற்சாலை வாயிலுக்கு எதிரே பந்தலிட்டு மறியல் தொடங்கினர். அவர்களுள் முன்னின்றவர் மயிலம்மா என்னும் இரவாளர் குலப் பெண்மணி. பள்ளிப் படிப்பு அறியாதவர். தன் கிணற்றை அறிந்தவர்.

கம்பெனியாரின் விடை யாது? மழை குறைந்ததே நீர் குறைந்ததற்குக் காரணம் என்றனர். தொழிற்சாலையால் தீங்கில்லை என்றனர். இவற்றை மறுக்கும் வன்மை அக்குடிமக்களிடம் அப்போது இல்லை. கம்பெனியாரிடம் ஆய்வுத்தாள் உண்டு. இவர்களிடம் இருந்தது ஒரு குடம் நீர்.

கம்பெனியாரின் பேச்சை வீழ்த்தியது எதிரிகளின் பேச்சன்று; அவர்களே நல்லெண்ணத்தின் அடையாளமாக வழங்கிய பொருள் ஒன்று. தொழிற்சாலைக் கழிவுச் சேற்றை உரம் என்று கூறி விவசாயிகளுக்குக் கொடுத்து வந்தனர். 2003ஆம் ஆண்டு ஜூலை மாதம் பி.பி.சி. வானொலியின் நிருபர் அச்சேற்றை எடுத்துச் சென்று இங்கிலாந்தில் பரிசோதிக்கச் செய்தார். ஈயமும் காட்மியமும் அதில் இருப்பது வெளிப்பட்டது. அப்போதும் அது பயனுள்ள உரமே என்று கம்பெனியின் சார்பில் பேசியவர் சாதித்தார். அடுத்த மாதமே மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அச்சேற்றை வயல்களுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது.

அதே ஆகஸ்டு மாதத்தில் தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. சந்தையில் கீரியும் பாம்புமாக இருந்த கோக்கோகோலா, பெப்சி ஆகிய இரு கம்பெனிகளின் தலைவர்களும் ஒரே மேடையில் அமர்ந்து நிருபர்களைச் சந்தித்து மறுத்தனர். பாராளுமன்றக் கூட்டுக்குழு ஆராய்ந்து, மையத்தின் முடிவுகள் சரியே என்று 2004ஆம் ஆண்டில் கூறிற்று. ஒரு மறுப்பு பொய்த்தால் அடுத்த மறுப்பையும் ஊர் நம்பாது. ஆண்டுக்கணக்கில் விளம்பரத்தால் சேர்த்த நற்பெயர் அவ்வாறு கரைந்தது.

பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து என்று 2003ஆம் ஆண்டு டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொழிற்சாலை நின்றது. 2005ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று முந்தைய தீர்ப்பை மாற்றிற்று. ஆயினும் ஆலை மீண்டும் ஓடவில்லை. மீண்டும் திறக்கும் எண்ணமில்லை என்று 2017ஆம் ஆண்டில் கம்பெனி உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

வெற்றி என்று மகிழ்வதற்கு முன் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். மக்களுக்கு நேர்ந்த இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மாநில அரசின் உயர்மட்டக் குழு 2010ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கான மசோதாவைச் சட்டமன்றம் 2011ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிட்டவில்லை. மயிலம்மா 2007ஆம் ஆண்டு ஜனவரியிலேயே மறைந்தார். பத்திரிகையின் ஒளி ஆலையை நிறுத்த உதவிற்று. இழப்பீட்டைப் பெற்றுத்தர அவ்வொளி மட்டும் போதவில்லை.

மூணாற்றுப் பெண்கள்

பிளாச்சிமடைக்குச் செய்தி தேடி நிருபர் வந்தார். மூணாற்றிலோ பெண்களே நெடுஞ்சாலைக்கு வந்து செய்தியாயினர்.

2005ஆம் ஆண்டில் டாடா டீ கம்பெனி மூணாற்றுத் தோட்டங்களைப் புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்பது அதன் பெயர். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரும் அலுவலரும் அதில் பங்குதாரராயினர். தொழிலாளரே முதலாளிகள் என்பதால் பத்திரிகைகள் அதனைப் பெரிதும் பாராட்டின. கம்பெனிக்கு அது சிறந்த நற்பெயர். அந்த ஏற்பாட்டால் தோட்டம் மூடப்படாமல் நிலைத்தது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

பத்தாண்டுகள் கழிந்தன. 2015ஆம் ஆண்டு, முந்தைய ஆண்டில் 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்தது. இலாபம் குறைந்தது என்பது கம்பெனி கூறிய காரணம். அப்போது நாட்கூலி 232 ரூபாய். செப்டம்பர் முதல் வாரத்தில் பெண்கள் வேலையை நிறுத்தி மூணாறு நகருக்குள் திரண்டனர். 'பொம்பிளை ஒருமை' என்ற பெயரைத் தமக்குத் தாமே இட்டுக் கொண்டனர். ஏறத்தாழ ஆறாயிரம் பெண்கள் கொச்சி - தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆண்கள் பின்னே நிற்க வேண்டும் என்றனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் அருகில் சேர்க்கவில்லை.

அவர்களிடம் அறிக்கை எழுதும் அலுவலர் இல்லை. நிருபர் கூட்டத்துக்கு மண்டபமும் இல்லை. தொலைக்காட்சிக் காமிராவின் முன் ஒவ்வொருத்தியும் தன் வீட்டுக் கணக்கைத் தமிழில் சொன்னாள். கூடை எவ்வளவு கனம், கூலி எவ்வளவு, அரிசிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் போனபின் மிச்சம் எவ்வளவு என்பனவே அக்கணக்கு. மலையாள நாட்டு மக்கள் அதனை வீட்டுக்குள் இருந்தபடியே கேட்டனர். இவர்களை வேறு யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற பேச்சு எழாமலில்லை. ஆனால் கணக்குச் சொல்லும் பெண்ணைப் பார்த்த பிறகு அப்பேச்சு எடுபடவில்லை. 'தொழிலாளரே முதலாளி' என்ற வாசகம் பங்குப் பத்திரத்தில் எழுதிய அளவில் உண்மை. சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருந்தவளுக்கு அது உண்மையாகப் படவில்லை. ஒன்பது நாட்களுக்குப் பின், செப்டம்பர் 13ஆம் நாள் உடன்பாடு ஏற்பட்டது. 8.33 சதவீதம் போனஸும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலி 301 ரூபாயாக உயர்த்த முடிவாயிற்று. அவர்கள் கேட்ட 500 ரூபாய் கிட்டவில்லை.

பெட்டிமுடி கற்பித்தது

குரல் எட்டிய கதையைக் கண்டோம். எட்டாமற் போன இரவும் நம் மலையில் உண்டு. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழையினால் தொலைபேசித் தொடர்பு அற்றிருந்தது. மறுநாட் காலையிற்றான் வெளியுலகுக்குச் செய்தி சென்றது. எழுபது உயிர்கள் போயின. அனைவரும் தோட்டத்துத் தமிழ்க் குடும்பத்தினர்.

செய்தி சென்ற அந்நாள் மாலையிலேயே கோழிக்கோட்டில் விமானம் ஒன்று விபத்துக்குள்ளாயிற்று. நாட்டின் கண் அங்கே திரும்பியது. விமானத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பெட்டிமுடியில் இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் அறிவித்தது. உயிருக்கு விலை இரண்டா என்று கேள்வி எழுந்தது. இறந்தோர் யாவரும் இரங்கத்தக்கவரே, துயரத்தில் போட்டியில்லை. பின்னர் அரசு அளித்த நிலத்தில் தோட்டக் கம்பெனி எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாற்றில் வீடு கட்டிக் கொடுத்தது. அது போற்றத்தக்க செயல். எனினும், செய்தி தாமதித்துச் சென்ற இடத்துக்கு உதவியும் தாமதித்தே வரும் என்பதைப் பெட்டிமுடி நமக்குக் கற்பித்தது.

நாம் செய்யத்தக்கது

கம்பெனிகள் தம்மைப் பற்றிப் பேசுதல் குற்றமன்று. இலாப நட்டத்தையும், ஆலையின் நிலையையும், விபத்தின் உண்மையையும் காலத்தில் தெளிவாகக் கூறும் கம்பெனி, தொழிலாளிக்கும் நன்மையே செய்கிறது. குற்றமாவது, செயலால் ஈடு செய்ய வேண்டியதைச் சொல்லால் ஈடு செய்யப் பார்ப்பது. லட்லோவிலும் பிளாச்சிமடையிலும் தவறியது அதுவே.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. உடும்பஞ்சோலை வட்டாரத்துக்கு மலையாளப் பத்திரிகைகள் மேற்கிலிருந்து வருகின்றன. தமிழ்ப் பத்திரிகைகள் கம்பம் வழியாகவும் போடி வழியாகவும் மலையேறுகின்றன. இரண்டுக்கும் நாம் ஓரத்துச் செய்தி. ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றி வரும் ஜீப்பு கவிழ்ந்தால், இத்தனை பேருக்குக் காயம் என்று நான்கு வரி வரும். அந்நான்கு வரியை நாற்பது வரியாக்குவது ஆரவாரமன்று, கணக்கு. எந்த நாள், எந்த இடம், யார் யார், என்ன கூலி, யாரிடம் மனுக் கொடுத்தது, என்ன விடை வந்தது என்பவற்றைக் குறித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் நூறு முழக்கங்களுக்குச் சமம். மூணாற்றுப் பெண்கள் வாயில் வைத்திருந்த கணக்கை நாம் எழுத்தில் வைத்தல் வேண்டும்.

நம் பிள்ளைகள் தமிழோடு மலையாளமும் பிழையின்றி எழுதக் கற்க வேண்டும். இந்நாட்டின் பத்திரிகைகளும் அலுவலகங்களும் அம்மொழியிலேயே நம்மைப் படிக்கின்றன. தெரியாததைத் தெரியாது என்று நிருபரிடம் கூறும் துணிவும் வேண்டும். பத்தை நூறாகக் கூறி ஒருமுறை அகப்பட்டால், மறுமுறை உண்மையைக் கூறினும் எடுபடாது. ஐவி லீக்கு நேர்ந்தது ஏழைக்கும் நேரும். ஏழைக்கு அது இன்னும் கொடிதாக நேரும். மேலும் பத்திரிகையில் செய்தி வந்ததோடு வேலை முடிந்தது என்று இருத்தலாகாது. பிளாச்சிமடையின் இழப்பீடு நமக்கு நினைவிருக்கட்டும். நிருபர் ஊர் திரும்பிய பின்னரும் மனுவைத் தொடர்ந்து செல்லுதல் ஊராரின் கடமை.

ஆண்டு விழாவில் பாட்டும் நாடகமும் நடத்தும் நம் சங்கம், அவற்றோடு ஒரு குறிப்பேட்டையும் தொடங்குமாயின், அது பெருந்தொண்டாகும். காலனியிலுள்ள முதியோரிடம் அவர்கள் ஏறி வந்த பாதையையும், வாங்கிய கூலியையும், வாழ்ந்த லயத்தின் பெயரையும் கேட்டு எழுதி வைக்கலாம். ஆண்டுக்கு நான்கு குடும்பத்தின் வரலாறு எழுதினாலும், பத்தாண்டில் நாற்பது குடும்பத்தின் வரலாறு சேரும். மலைநாட்டுத் தமிழர் யார் என்று நாளை ஒருவர் கேட்டால், பிறர் எழுதிய நான்கு வரியைக் காட்ட வேண்டியதில்லை. நம் கையால் எழுதிய ஏட்டைக் காட்டலாம். அப்பணிக்கு இளைஞரும் மகளிரும் முன்வருவார்களாக.